இரட்டைச் சூல்: தமிழ் வழக்கும் மருத்துவ வரலாறும்

முன்னுரை

திருவண்ணாமலையை வலம் வருவோர் செங்கம் சாலையில் இரமணாசிரமத்தை அடைந்ததும் அங்கே ஒரு தாயின் சமாதிக் கோயிலைக் காண்பர். இரமணரின் அன்னையார் அழகம்மாள் 1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் மலைமேல் உள்ள கந்தாசிரமத்தில் உயிர் நீத்தார். அவருடலை மலையடியில் அடக்கம் செய்தனர். அச்சமாதியைச் சூழ்ந்தே ஆசிரமம் வளர்ந்தது. அதன்மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் கோயிலுக்கு 1949இல் குடமுழுக்கு நடந்தது. அங்கிருந்து வலப்பாதையில் மேலும் சென்றால் மலையின் மேற்குப் புறத்தே அடியண்ணாமலை தோன்றும். மாணிக்கவாசகர் திருவெம்பாவையை அருளிய இடம் என மரபு கூறும் அவ்வூரில் அவருக்குத் தனிக்கோயில் உண்டு.

தாய்வயிற்றில் கரு கடக்க வேண்டிய இடர்களைத் திங்கள்தோறும் வரிசைப்படுத்திப் பாடிய புலவர் மாணிக்கவாசகர். அவ்விடர்களுள் ஒன்று, ஒன்றாகிய கரு இரண்டாதல். இரட்டைச் சூலைப் பற்றித் தமிழர் என்ன அறிந்திருந்தனர், அதனைப் பேணும் முறை எவ்வாறு வளர்ந்தது, அவ்வளர்ச்சியில் தமிழ்மொழிக்கு உரிய பங்கு யாது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இரட்டைப் பேற்றில் தாயும் சேயும் பிழைக்கும் நிலை பெருகியதற்கு முதன்மையான காரணம், வயிற்றில் இருவர் உளர் என்பதை அறியும் காலம் படிப்படியாக முந்தியதேயாம். ஆனால் அறிந்ததைத் தாய்க்கு எடுத்துரைக்கும் சொல் அதற்கு ஈடாக முந்தவில்லை. இதுவே கட்டுரையின் முடிபு.

1. சொல்வழக்கு

மகப்பேறு பற்றிய தமிழ்ச் சொற்கள் பழைமையும் நுட்பமும் வாய்ந்தவை. கருவுற்ற மகளிர்க்கு உண்டாகும் வேட்கைப் பெருக்கத்தை 'வயா' என்றும், ஈன்ற அணிமையைப் 'புனிறு' என்றும் தொல்காப்பியர் உரியியலில் குறித்தார். 'கடுஞ்சூல்' மகளிர் தெய்வத்தைப் பேணி வழிபடுவதை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. பிற்கால வழக்கில் 'மருத்துவம் பார்த்தல்' என்றால் பிள்ளைப்பேறு பார்த்தல் என்றும், 'மருத்துவச்சி' என்றால் பேறு பார்ப்பவள் என்றும் பொருள்பட்டன. எல்லா நோய்க்கும் பொதுவாகிய மருத்துவம் என்னும் சொல், பெண்கள் நாவில் மகப்பேற்றுக்கே சிறப்பாக உரித்தாய் நின்றது கருதத்தக்கது.

கருவுறுப்புகளுக்கும் நல்ல சொற்கள் உள. கருவைச் சூழ்ந்த நீர்ப்பை பனிக்குடம். தாயின் குருதியிலிருந்து கருவுக்கு ஊட்டம் வாங்கித் தரும் உறுப்பு நஞ்சு. அதனையும் சேயையும் இணைப்பது கொப்பூழ்க்கொடி. கருவுற்றவளை 'ஈருயிர்க்காரி' என்பது மற்றோர் அரிய வழக்கு. தாயுயிர் ஒன்று, சேயுயிர் ஒன்று எனக் கணக்கிட்டு, அவளுக்குச் செய்யும் உதவி இருவர்க்கும் உரியது என்னும் அறம் அச்சொல்லில் அடங்கியுள்ளது. இக்கணக்கின்படி இரட்டைச் சூல் கொண்டவள் மூவுயிர்க்காரி ஆதல் வேண்டும். ஆயின் வழக்கு அவ்வாறு வளரவில்லை. 'இரட்டை', 'இரட்டைப் பிள்ளை' என்பன பிறந்த குழந்தைகளையே சிறப்பாகச் சுட்டின. அவர்களைச் சுமந்தவளின் நிலையைச் சுட்டவில்லை. இதன் காரணம் வெளிப்படை. பிறக்கும் வரையில் இருவர் என்பது உறுதியாகத் தெரியாது. தெரியாத நிலைக்குப் பெயரிட எவர்க்கும் தேவை எழாது.

தெரியாத இடத்தை நம்பிக்கை நிரப்பியது. ஒட்டிப் பிறந்த இரட்டை வாழைப்பழத்தைக் கருவுற்றவள் உண்டால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்பது இன்றும் நம் வீடுகளிற் கேட்கும் பேச்சு. இருவர் பிறந்தபின் இராமன், இலட்சுமணன் என்றோ, இலவன், குசன் என்றோ பெயரிட்டு மகிழ்ந்தனர். பெயரிடும் வரை இருவரும் பிழைத்திருத்தலே அரிதாக இருந்தது.

2. நூல்களிற் காணும் கொள்கை

கரு இரண்டாவதன் காரணத்தை நம் முன்னோர் சிந்தித்தனர். திருமந்திரத்தின் கர்ப்பக் கிரியைப் பகுதி, மூச்சு ஓடும் பக்கத்தைக் கொண்டு ஆண், பெண் வேறுபாட்டை உரைத்து, அபானன் என்னும் வாயு எதிர்த்தால் குழந்தை இரண்டாகும் எனக் கூறுகிறது. வடமொழிச் சரக சங்கிதையும் வாயு கருவைப் பிளத்தலே இரட்டைக்குக் காரணம் என்கிறது. பிளவு சமமாகாவிடின் ஒரு கரு பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் வளரும் என்றும் விளக்குகிறது. இருவரின் வளர்ச்சி ஒவ்வாமை பண்டே கூர்ந்து நோக்கப்பட்டது என்பதற்கு இஃது ஒரு சான்று.

மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவல் தில்லையில் அருளப்பட்டது என்பது மரபு. அதில், முதல் திங்களில் தான்றிக்காய் அளவினதாகிய கருவுக்கு 'இருமை' என்னும் இடர் கூறப்பட்டுள்ளது. கரு இரண்டாகப் பிளந்து கெடுதல் என உரையாசிரியர் சிலர் அதற்குப் பொருள் கொள்வர். இக்காலக் கருவியலும், ஒரே கருமுட்டையிலிருந்து தோன்றும் இரட்டையர் கருவுற்ற ஏறத்தாழப் பதின்மூன்று நாள்களுக்குள் பிளவுறுகின்றனர் என்றும், அதன்பின் நிகழும் பிளவு முற்றுப்பெறாது ஒட்டிய உடலினராக முடியும் என்றும் கூறுகிறது.

இவ்வொப்புமையைக் கண்டு, இன்றைய அறிவியல் அனைத்தும் திருவாசகத்தில் உளது என்று சாதிப்பது ஆராய்ச்சி நெறியன்று. பிளவு நிகழும் நாளில் கரு கண்ணுக்குப் புலப்படுதற்கும் அரிய நுண்பொருள். தான்றிக்காய் அளவினது அன்று. அன்றியும் அடிகள் இருமையைப் பிள்ளைப்பேறாகக் கருதவில்லை. தப்பிப் பிழைக்க வேண்டிய கேடாகவே கருதினார். நாம் துணிந்து கூறத்தக்கது இவ்வளவே: ஒன்று இரண்டாதல் கருவுற்ற தொடக்கத்திலேயே நிகழ்வது என்னும் எண்ணமும், அஃது இடர் மிக்கது என்னும் எண்ணமும் தமிழிலக்கியத்தில் இடம்பெற்றிருந்தன. காரணத்தையும் இடரையும் கூறிய இந்நூல்கள், இரட்டைச் சூல் கொண்டவளைப் பேணும் முறையைக் கூறவில்லை. அம்முறை ஏட்டில் ஏறாது பெண்களின் கையில் இருந்தது.

3. மருத்துவச்சியின் கை

வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, அங்கிருந்த ஆதுலசாலையில் பதினைந்து படுக்கைகளும், மருத்துவர், அறுவை செய்வோர், பணிப்பெண்டிர் ஆகியோரும் இருந்தமையைக் கூறுகிறது. சவ்வாது மலையிற் பிறந்து திருவண்ணாமலைச் சீமையின் வயல்களை நனைத்துச் செல்லும் செய்யாறு பாலாற்றொடு கூடுமிடம் அத்திருமுக்கூடலே. காகதிய அரசி உருத்திரமாதேவி காலத்தில் 1261இல் பொறிக்கப்பட்ட மல்காபுரம் கல்வெட்டு, மருத்துவச்சாலையோடு பிரசூதிசாலை ஒன்றையும் குறிக்கிறது. எனினும் பேறுகாலம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நிகழ்ந்தது, மருத்துவச்சியே துணை. வெள்ளத்தால் தாய் வர இயலாதபோது சிவபெருமானே தாயுருவில் வந்து பேறு பார்த்தான் என்னும் திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் வரலாறு, அத்தொழிலுக்குத் தமிழ்ச் சமயம் அளித்த மதிப்பைக் காட்டும்.

மருத்துவச்சி இரட்டையை எப்போது அறிந்தாள்? வயிறு திங்களுக்கு மீறிப் பருத்திருந்தால் ஐயுற்றிருப்பாள். முதற் குழந்தை பிறந்த பின்னும் வயிறு தாழாதிருப்பதைக் கையால் தடவி உணர்ந்தபோதே தெளிந்தாள். அந்நொடியிலிருந்து அவள் செய்யும் ஒவ்வொரு செயலிலும் ஓர் உயிர் ஊசலாடியது.

கொடி கட்டுதலை எடுத்துக்கொள்வோம். ஒரே குழந்தையாயின், குழந்தையின் பக்கத்தில் கொடியைக் கட்டி அறுத்தலே இன்றியமையாதது. தாயின் பக்கம் கட்டாது விட்டாலும் பெரிய கேடு இல்லை. இரட்டையாயின் நிலை வேறு. இருவர்க்கும் நஞ்சு ஒன்றேயானால், முதற் குழந்தையின் அறுத்த கொடி வழியே உள்ளிருக்கும் குழந்தையின் குருதி வெளியேறக்கூடும். ஆதலின் கொடியை இரண்டிடத்தில் கட்டி இடையில் அறுக்க வேண்டும் என்று பேறுகால நூல்கள் வற்புறுத்தின. ஒரு நூல் முடிச்சு ஓர் உயிரைக் காத்தது. அதன் காரணம் அறியாதவள் கையில் அம்முடிச்சு விடுபட்டது. இரண்டாம் குழந்தை குறுக்கே கிடந்தால் அதனை வெளியிலிருந்தோ உள்ளே கைவிட்டோ திருப்ப வேண்டும். இருவரும் பிறந்தபின், அளவு மீறி விரிந்த கருப்பை எளிதிற் சுருங்காமையால் குருதிப்பெருக்கு உண்டாகும். அதற்குக் கைம்மருந்து போதாது.

4. தென்னார்க்காட்டில் ஓர் இரவு

வீட்டுப் பேற்றின் எல்லையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று 1890களில் திண்டிவனத்தில் நடந்தது. அந்நாளில் திண்டிவனமும் திருவண்ணாமலையும் தென்னார்க்காடு மாவட்டத்தின் வட்டங்களே. இராணிப்பேட்டையில் 1870இற் பிறந்த ஐடா இசுகடர் என்னும் அமெரிக்க நங்கை, அவ்வூரில் மருத்துவராகப் பணியாற்றிய தம் தந்தையின் இல்லத்தில் இருந்தார். ஒரே இரவில் மூவர், ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையிற் கிடக்கும் தத்தம் மனைவியர்க்கு உதவ அழைத்தனர். ஒருவர் அந்தணர், ஒருவர் முகமதியர், மற்றவரும் இந்துவே. தந்தையார் வருவார் என்று ஐடா கூறியபோது, ஆடவர் வருதல் ஆகாது என்று மூவரும் மறுத்தனர். ஐடாவோ அன்று மருத்துவம் கற்றிலர். காலையில் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது.

அந்நிகழ்ச்சியே தம்மை மருத்துவம் கற்கத் தூண்டியது என்று அவர் பின்னாளிற் கூறினார். 1899இற் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்து, வேலூரில் 1902இல் மேரி டேபர் செல் மருத்துவமனையையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் முதல் அதுவே. அதற்கு முன்னரே சென்னையில் 1844இல் பேறுகால மருத்துவமனை தோன்றியிருந்தது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி மேரி சார்லீப் முதலிய பெண்களை மாணவியராக ஏற்றிருந்தது. ஆயின் தலைநகரின் மருத்துவம் சிற்றூரின் வாயிலை எட்ட நெடுங்காலம் ஆயிற்று.

அம்மூன்று பெண்களும் எவ்வகைப் பேற்று இடரால் இறந்தனர் என்பது இங்கு வினாவன்று. இடர் முன்னரே அறியப்படாமல் நள்ளிரவில் வெளிப்பட்டது என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம். இரட்டைச் சூலின் இடர் பெரும்பாலும் இத்தகையதே. திங்கள்கள் முன்னே அறிந்தால் ஆயத்தம் செய்யலாம். அன்றிரவு அறிந்தால் செய்யக்கூடுவது சிறிது.

5. செவியால் அறிந்த காலமும் மானிப்பாய் நூலும்

பிறக்குமுன்னரே இருவரை அறியும் வழியை முதலிற் காட்டியது செவி. 1821இல் பிரெஞ்சு மருத்துவர் கெர்கராடெக், தாயின் வயிற்றின்மேல் செவிக்குழலை வைத்துக் கருவின் நெஞ்சத் துடிப்பைக் கேட்கலாம் என்று அறிவித்தார். வேறுவேறு விரைவில் ஈரிடத்தே துடிப்புக் கேட்டால் உள்ளே இருவர் உளர் என்று கருதலாயிற்று. அயர்லாந்தின் டப்ளின் நகரத்து மகப்பேற்று மருத்துவர் இம்முறையை விரைந்து கைக்கொண்டனர்.

அந்த டப்ளின் மரபு தமிழுக்கு வந்த வரலாறு தமிழாய்வாளர் அனைவரும் அறியத்தக்கது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் பிசுக் கிறீன், டப்ளின் மருத்துவர் மோன்செல் எழுதிய மகப்பேற்று நூலைத் தமிழாக்கி 1857இல் 'பிரசவ வைத்தியம்' என்னும் பெயரால் வெளியிட்டார். பின்னர் இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவராலும் அவர்தம் மாணாக்கராலும் தமிழில் வெளிவந்தன. தமிழ்ச்சொல்லும் வடசொல்லும் தேடி, கிட்டாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கு ஏற்பத் திரித்துக்கொண்டார் என்பதற்குக் கெமிஸ்தம் என்னும் பெயரே சான்று. அறுவை மருத்துவத்துக்கு முன்பே மகப்பேற்று நூலை அவர் தமிழாக்கினார் என்பதை ஈண்டு மறத்தலாகாது. பெண்களைச் சென்றடைய வேண்டிய அறிவு அவர்கள் மொழியில் இருத்தல் வேண்டும் என்னும் தேவை முதலில் அங்கேதான் உணரப்பட்டது போலும்.

அம்முயற்சி தொடர்ந்து வளரவில்லை. இருபதாம் நூற்றாண்டில் மருத்துவக் கல்வி முற்றிலும் ஆங்கிலத்தில் அமைந்தது. சென்னை எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றிய ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1938இல் வெளியிட்ட மகப்பேற்று மருத்துவ நூல் இந்தியா முழுவதும் மாணவர் கைநூலாயிற்று. அவர் 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார். தமிழ்ப் பெண்களிடம் பெற்ற பட்டறிவு அந்நூலில் ஆங்கிலமாயிற்று. கல்வியின் அக்கால அமைப்பு அத்தகையது. அதற்காக எவரையும் குறை கூறுதல் பொருந்தாது. ஆயினும் 1857இல் தொடங்கிய ஒரு சொல்மரபு இடையே அறுந்தது என்பது வரலாறு.

6. மூன்றாம் திங்களில் அறிதல்

1958இல் கிளாசுகோ நகரத்து ஐயன் டொனால்டும் அவர்தம் துணைவரும், செவிக்கெட்டா ஒலியலையைக் கொண்டு வயிற்றினுள் இருப்பதைப் படமாகக் காணும் முறையை வெளியிட்டனர். மக்கள் 'ஸ்கேன்' என்று வழங்குவது இதுவே. இதனால் இரட்டையை அறியும் காலம் பேற்று நாளிலிருந்தும் பிற்பட்ட திங்கள்களிலிருந்தும் மூன்றாம் திங்களுக்கு முந்தியது.

அப்பருவத்திற் கேட்க வேண்டிய வினா இருவர் உளரா என்பது மட்டுமன்று. இருவர்க்கும் நஞ்சு ஒன்றா, இரண்டா என்பதே தலையாயது. பத்து முதல் பதினான்கு வாரத்துக்குள் இதனைத் தெளிவாகக் காணலாம். பின்னர்க் காண்பது கடினம். நஞ்சு தனித்தனியாயின் இருவரும் ஒரே வயிற்றில் வாழும் இரு குடியினர். நஞ்சு ஒன்றாயின் குருதிக்குழாய்கள் தம்முள் இணைந்திருக்கும். அத்தகைய சூல்களுள் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரையில் ஒரு கருவின் குருதி மற்றதற்குச் சென்று, கொடுப்பது வாடவும் கொள்வது வீங்கவும் நேர்கிறது. உரிய காலத்திற் கண்டால், இணைந்த குழாய்களை லேசர் ஒளியால் அடைத்து மருத்துவம் செய்யலாம். அம்முறையின் மேன்மை 2004இல் ஐரோப்பிய ஆய்வொன்றால் நிறுவப்பட்டது. மருத்துவச்சியின் இரட்டை முடிச்சும் இந்த லேசர் மருத்துவமும் ஒரே உண்மையின்மேல் எழுந்தவை: நஞ்சு ஒன்றாயின் ஒருவரின் குருதி மற்றவர் வழியே இழக்கப்படலாம்.

நம் நாட்டுக்கு இவ்வினா மிகவும் உரியது. தெற்காசியாவில் இரட்டைப்பேறு உலகிலேயே குறைந்த அளவினது. ஆயிரம் பேற்றுக்கு ஒன்பதுக்கும் குறைவு என 2011இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு கூறுகிறது. ஒரே கருமுட்டையிற் பிறக்கும் இரட்டையரோ எந்நாட்டிலும் ஆயிரத்துக்கு ஏறத்தாழ நால்வர். ஆகவே இரட்டைப்பேறு மிகுந்த ஆப்பிரிக்க நாடுகளை நோக்க, இங்கே பிறக்கும் இரட்டையருள் ஒரே கருமுட்டையினரின் பங்கு பெரிது. அவர்களுள் மூன்றில் இருபங்கினர் ஒரே நஞ்சினர். நம்மிடை இரட்டை குறைவு; குறைந்த அவ்விரட்டையுள் இடர் மிகுந்த வகை கூடுதல். மகப்பேற்றுக்கென மேற்கொள்ளும் செயற்கைக் கருவூட்டலால் அண்மைக் காலத்தில் இருநஞ்சு இரட்டைகளும் பெருகி வருகின்றன.

நஞ்சின் எண்ணிக்கை தெரிந்தபின் மருத்துவம் அதன்வழி அமைகிறது. இருநஞ்சு இரட்டையாயின் ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், ஒருநஞ்சு இரட்டையாயின் பதினாறாம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் ஸ்கேன் பார்த்தல் வேண்டும். குருதிச்சோகை, இரத்தக் கொதிப்பு, குறைமாதப் பேறு ஆகிய மூன்றையும் இடைவிடாது கண்காணிக்க வேண்டும். குறைமாதப் பேறு நேரும் என்று தோன்றினால் குழந்தைகளின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு ஊசி மருந்து தருவர். நியூசிலாந்தில் இலிகின்சும் ஓவியும் 1972இல் அதனை நிறுவினர். இடர் எதுவும் இல்லையேனும் இருநஞ்சு இரட்டைக்கு முப்பத்தேழாம் வாரத்தையும், ஒருநஞ்சு இரட்டைக்கு முப்பத்தாறாம் வாரத்தையும் பேற்றுக்கு உரிய காலமாக மருத்துவர் பலர் கொள்வர். பனிக்குடமும் ஒன்றேயாயின் கொடிகள் பின்னிக்கொள்ளும் ஆகையால் அதனினும் முந்தி அறுவையால் எடுப்பர். முதற் குழந்தை தலைகீழாக அமைந்திருப்பின் அறுவையின்றிப் பெறுதலும் பொருந்தும் என்பதை 2013இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஆனால் அறுவைக்கும் குருதி ஏற்றுதற்கும் வசதியுள்ள மருத்துவமனையிலேயே அது நிகழ வேண்டும்.

7. சொல்லின் கடன்

திருவண்ணாமலை 1989இல் தனி மாவட்டத்தின் தலைநகரமாயிற்று. இன்று அங்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. சிற்றூர்களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உண்டு. 2008 முதல் 108 ஊர்தி தமிழகத்தில் ஓடுகிறது. 2018–20ஆம் ஆண்டுக் கணக்கின்படி இலட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழகத்தில் 54. திண்டிவனத்து இரவிலிருந்து நெடுந்தொலைவு வந்துள்ளோம்.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. ஸ்கேன் முடிவு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. சவ்வாது மலைச் சிற்றூரிலிருந்தோ, கிரிவலப் பாதையை ஒட்டிய குடியிருப்பிலிருந்தோ வரும் பெண்ணின் கையில் அத்தாள் இருக்கும். அதிலுள்ள தலையாய செய்தி அவளுக்கு எட்டாது. 'இரட்டை' என்ற ஒரு சொல்லோடு அவள் வீடு திரும்புவாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏன் வர வேண்டும் என்பது விளங்காதபோது, பேருந்துச் செலவையும் இழந்த கூலியையும் எண்ணி அவள் வாராதிருத்தல் இயல்பே. செவிலியரும் மருத்துவரும் வாய்மொழியாக விளக்குகின்றனர் எனினும், விளக்கம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

இதற்கு வேண்டிய சொற்கள் புதியனவாகப் படைக்கப்பட வேண்டியவை அல்ல. 'ஒருநஞ்சு இரட்டை', 'இருநஞ்சு இரட்டை', 'ஒருகுட இரட்டை' எனக் கூறினால் பிள்ளை பெற்ற எந்தப் பாட்டிக்கும் பொருள் விளங்கும். நஞ்சு என்பது விடத்தையும் குறிக்குமே என்று ஐயுறுவார்க்கு, இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் வழக்கம் மகளிரிடம் உறுதியாக உள்ளது என்பதே விடை. வேண்டுமாயின் நஞ்சுக்கொடி என விரித்து வழங்கலாம். வடித்தெடுத்த வடமொழித் தொடரோ, புலவர் மட்டும் அறியும் தனித்தமிழ்த் தொடரோ இங்குப் பயன்படா.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. கரு இரண்டாவதன் காரணத்தையும் இடரையும் பண்டைத் தமிழ் நூல்கள் எண்ணின. பேணும் முறையோ எழுதப்படாது மருத்துவச்சியர் கையிலேயே இருந்தது. இருவரை அறியும் காலம் பேற்று நாளிலிருந்து மூன்றாம் திங்கள்வரை முந்தியது. தாயும் சேயும் பிழைத்தல் அதனால் மிகுந்தது. அவ்வறிவைத் தமிழிற் கூறும் முயற்சி 1857இலேயே தொடங்கித் தளர்ந்துவிட்டது. மகப்பேற்றுச் சொற்களை வட்டாரந்தோறும் மூத்த பெண்களிடமிருந்து தொகுத்தலும், மானிப்பாய் நூல்களின் சொற்களோடு ஒப்பிட்டு ஆராய்தலும், மருத்துவரோடு அமர்ந்து எளிய சொற்பட்டி ஒன்று வகுத்தலும் தமிழ்த்துறையினர் உடனே மேற்கொள்ளத்தக்க பணிகள். வீட்டுப்பேறு பார்த்த மருத்துவச்சியர் அருகி வருகின்றனர். அவர்கள் சொல்லோடு மறையுமுன் அத்தொகுப்பு நடைபெறுதல் வேண்டும். ஈருயிர்க்காரி என்னும் சொல்லை ஆக்கிய மொழிக்கு, மூவுயிர் சுமப்பவளிடம் அவள் நிலையை அவள் மொழியிலேயே எடுத்துரைத்தல் இயலாத செயலன்று.